ஆலாக்காரன் குரல்

“பதினேழு” என்றார் பொன்னுலிங்கம் சார். பதினேழாம் எண் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொக்குக்கு ஏன் கொக்கென்று பெயர் வந்தது என்பதைக் கரும்பலகைக்கு மேலே தொங்கும் கடிகாரத்தைப் பார்த்து ஒப்பிக்கத் தொடங்கியது. ரோமில்டா இருபத்தாறு. நடுவில் எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று நிமிஷம், எட்டு மூணு இருபத்து நாலு, இந்தக் கொக்குக்காரனுக்கு ஒரு மூணு, ஆக இருபத்தேழு. இப்போது பதினொன்று ஐம்பது, சாப்பாட்டு மணி பன்னிரண்டு இருபதுக்கு. சரியாக மூன்று நிமிஷம் அவளுக்கென்று மிஞ்சுகிறது. கணக்குப் பாடத்தில் ஒரு நாளும் வந்து சேராத கணக்கு இன்றைக்கு மட்டும் இப்படி அம்சமாக வந்து தொலைக்க வேண்டுமா. அதிலும் எட்டு. காலையிலிருந்து எட்டு என்ற எண்ணே அவளுக்கு ஆகவில்லை. எரிச்சலில் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டலாம் என்றால் திட்டுகூடச் சொந்தக் குரலில் வரமாட்டேன் என்கிறது; “வாட் இஸ் திஸ், டிசிப்ளின் எங்கே போச்சு?” என்று தலைமையாசிரியையின் மூக்குக் குரலில் வருகிறது. போன வருஷம் அந்த மூக்குக் குரலை மாடிப்படி மறைவில் நின்று எடுத்துவிட்டு, “வாட்ச்மேன், கேட்டைத் திறந்து விடுங்க, இன்னைக்கு ஹாஃப் டே” என்று சொல்லி, பதினோராம் வகுப்பு மொத்தத்தையும் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பியவள் அவள்தான். பள்ளிக்கூடம் இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறது. அப்பேர்ப்பட்ட வாய் இப்போது உலர்ந்துபோய்க் கிடக்கிறது, கருவாடு காயப்போட்ட மணல் மாதிரி.

இந்தப் பெயர்க் காரணம் என்கிற இழவைக் கண்டுபிடித்ததே சார்தான். ஒவ்வொருத்தரும் அவரவர் ஊர்ப் பறவை ஒன்றை எடுத்து, அதன் பெயருக்குப் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, மூன்று நிமிஷம் பேச வேண்டும். வயக்காட்டுப் பிள்ளைகள் கொக்கு, நாரை, கரிச்சான் என்று சுலபமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். “நீ கடக்கரைக்காரி, நீ ஆலாவை எடுத்துக்கம்மா” என்றார் அவளிடம். கருப்புத் தொப்பி போட்ட மாதிரி தலையும், கத்திரிக்கோல் வாலும், அலைக்கு மேலே நின்ற இடத்தில் நின்று தொப்பென்று விழுந்து மீனைக் கொத்திக்கொண்டு போகும் வெள்ளைப் பறவை, அதற்கென்ன, தினம் பார்க்கிற ஆலாதானே என்று அவளும் தலையை ஆட்டிவிட்டாள். “ஆனா ஒண்ணு” என்று விரலைத் தூக்கினார் சார், “என்ன சொல்ல வர்றேன்னா, என் குரல் வேண்டாம், எச்.எம். குரல் வேண்டாம், பஸ் கண்டக்டர் வேண்டாம். உன் குரல்ல பேசணும். வேற எவன் குரல் வந்தாலும் வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில உன் பத்து நிமிஷ மிமிக்ரியை எடுத்துடுவேன்.” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சார் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ரோமில்டாவின் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்துகொண்டிருந்ததைச் சாரைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அது போன திங்கட்கிழமை. அன்றைக்கு வெள்ளிக்கிழமையை நினைத்தால் வயிற்றில் வெல்லம் கரைந்தது. இன்றைக்கு அதே வெள்ளிக்கிழமை தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பத்து நிமிஷத்தை இவரே பறித்துக்கொண்டால் என்ன என்றுகூட இருக்கிறது. ஆனால் பறித்துக்கொண்டால் அப்பாவிடம் என்ன சொல்வது, அவர் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, ஆலா வெள்ளை, சே, இந்தப் பறவையை விட்டு ஒரு நிமிஷம் அப்பால் போக முடியவில்லையே.

“பதினெட்டு.” தூக்கணாங்குருவி. தொங்குகிற கூடு, அதனால் தூக்கணம், முடிந்தது, நாற்பது விநாடி, உட்கார்ந்துவிட்டான் படுபாவி. மூன்று நிமிஷம் பேசச் சொன்னால் மூன்று நிமிஷம் பேச வேண்டாமா. தூக்கணாங்குருவிக்கு இவ்வளவு நேர்மையான பெயர் இருக்கும்போது ஆலாவுக்கு மட்டும் என்ன வந்தது. நூலகத்து அகராதியைப் புரட்டினால் ஆலா: ஒரு கடற்பறவை. அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள அகராதி எதற்கு, அவள் வீட்டுக் கூரையில் எச்சம் இருக்கிறது. சாரிடம் கேட்டால், “என்ன சொல்ல வர்றேன்னா, ஆலுதல்னு ஒரு வினை உண்டு, ஒலித்தல், ஆடுதல், மயில் ஆலும்பாங்க, அதிலேருந்து வந்திருக்கலாம். மார்க்குக்கு ஆலாப் பறக்கிறீங்களே, அது இந்தப் பறவை அலையிற அலைச்சல்தான்” என்றார். பங்குச் சாமியாரிடம் கேட்டால் பிரசங்கத்தில் இழுப்பதுபோலவே இழுத்து, “ஆ...லம் என்றால் மக...ளே, நீர். ஆ...லம் என்றால் க...டல். ஆ...லம் என்றால் நஞ்...சு” என்று மூன்று பொருளையும் வரிசையாக இறக்கிவிட்டு, அதில் எது பறவைக்கு என்பதை மட்டும் சொல்லாமல் பூசைக்குப் போய்விட்டார். கிழிந்த வலை பொத்துகிற தஸ்நேவிஸ் மாமாவோ வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு, “அது கத்துறதுதாம்ட்டி அதுக்குப் பேரு, காக்கா காக்கான்னு கத்துதுல்லா, அது மாரி” என்றார். அப்படி ஒன்றும் ஆலா ஆலாவென்று கத்தவில்லை. ரோமில்டாவுக்குத் தெரியாதா. அது கத்துவது கிர்ரீ... கிர்ரிக் என்று, துருப்பிடித்த கிணற்றுக் கப்பி மாதிரி. அவள் அதையும் எடுப்பாள். ஆக ஒரு பறவைக்கு ஆட்டம், கூச்சல், கடல், நஞ்சு என்று நாலு பொருள். சொன்ன மூன்று பேர் குரலையும் கொண்டுவரத் தெரிகிறது, எது சரி என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று, அதை இங்கே சொல்ல முடியாது.

“பத்தொன்பது.” நேற்று வரைக்கும் அது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதை நினைத்து மிதப்பாகத் திரிந்தாள். பேர் பறவை கத்துவதிலிருந்து வரவில்லை, மனுஷன் கத்துவதிலிருந்து வந்தது. கடலில் நாலு ஆலா ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே கீழே சாளைமீன் கூட்டம் நிற்கிறது என்று பொருள். வள்ளத்தின் முன்னணியத்தில் நிற்கிறவன் கண்ணில்தான் முதலில் படும். அவன் பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவனுக்குச் சொல்ல வேண்டும், பக்கத்து வள்ளத்துக்குச் சொல்ல வேண்டும், கச்சான் காற்று வாயில் வாரி அடிக்கும். அந்தக் காற்றில் கொக்கு என்று கத்தினால் கொக்கு மூக்கு முனையைத் தாண்டாது. கரையில் நின்று கத்திப் பார்த்தாள். ஆ... என்று வாயைத் திற, லா... என்று மறுபடி திற, நடுவில் உதடு எங்கேயும் ஒட்டுவதே இல்லை. குரல் போய்க்கொண்டே இருக்கும். சும்மா ஒருத்தன் ஆவென்று அலறியதுதான் நாளடைவில் பறவைமேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். சார் ஆடிப்போவார் என்று நினைத்திருந்தாள். பேச்சை முடிக்கும்போது ஊரே கேட்டுச் சிரிக்கும் தன் ஆலாக்காரன் கத்தலை ஒரு தடவை கத்திக் காட்டலாம் என்றும் வைத்திருந்தாள். அது வேறு குரலாயிற்றே, சார் பத்து நிமிஷத்தைப் பறித்துவிடுவாரே என்று இசக்கித்தாய் பயமுறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இவள்தான். “கத்தும்போது அது நீதாம்ட்டி. ஆலாக்காரன் உனக்குத்தான் சொந்தம். வேற யாருக்கு வருது?” என்றும் இவளே சொன்னாள். அய்யோ. ஆலாக்காரன் உனக்குத்தான் சொந்தம். இசக்கி ஒன்றும் தெரியாமல் சொன்னாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் அத்தை தெரிந்தே சொன்னாள்.

“இருபது.” கடைசிப் பையன், மீன்கொத்தி, மீனைக் கொத்துகிறது சார், அதனால் மீன்கொத்தி சார். இதற்கு ஒரு கைதட்டல். ரோமில்டாவின் கைகளும் தட்டின. கைதட்டல் என்றதும் அவள் முதன்முதலாக ஆலாக்காரனை எடுத்த மீன் ஏலக்கூடம் நினைவுக்கு வந்தது, ஈரச் சிமெண்டுத் தரை, ஒன்பது வயசு, குட்டைப் பாவாடை. அதற்கு முந்தின வாரம்தான் தஸ்நேவிஸ் மாமாவும் வேறு மூணு பேரும் வலை பொத்துகிற கொட்டகையில் அதைச் செய்துகொண்டு உருண்டு சிரிப்பதைப் பார்த்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்து நரம்பு புடைக்க, “ஆ...லா! ஏய், ஆ...லா! திரும்புங்கல, எட்டு வள்ளமும் திரும்புங்கல!” என்று உச்சத்துக்குப் போக வேண்டும். பிறகு எட்டு எஞ்சின், டுடுடுடு என்று எட்டு விதமாக. பிறகு வலை விழும் சத்தம், ஷ்ஷ்ஷர்ர். பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு தஸ்நேவிஸ் மாமா குரலில் மெதுவாக, “எல, என்னல இது, ஆலாவுக்குக் கண்ணக் காணோம், றெக்கையக் காணோம்?” கடைசியாகச் சின்னப் பிள்ளைக் குரலில், “மாமா, டிவி வாங்குனா பெட்டிக்குள்ள வெள்ளையா வருமே, அது மாமா இது, தெர்மாகோலு!” ஏலக்கூடமே சரிந்தது. மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கூடையோடு கவிழ்ந்தாள். “யாரு மாமா அந்த ஆலாக்காரன்?” என்று அப்புறம் கேட்டபோது நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தஸ்நேவிஸ் மாமா புகையிலையைத் துப்பிவிட்டு, “அவன் செத்துட்டாம்ட்டி, அது அந்தக் காலம்” என்றார். அவள் ஊரான சிலுவைத்துறையில் பட்டப்பெயர் இல்லாத வீடு கிடையாது. ஆனால் ஒருத்தனுடைய பட்டப்பெயரை அவன் பெற்ற பிள்ளை காதில் போடக் கூடாது என்று ஒரு மரியாதையும் ஊருக்கு உண்டு. பிள்ளை காதில் போடக் கூடாதாம். பிள்ளை வாயில் போடலாமாம். ஏழு வருஷம், ஏழு வருஷமாக அந்த ஊர் அவளை எத்தனை தடவை கூப்பிட்டு, “ஏட்டி ரோமி, ஆலாக்காரனை எடு, ஆலாக்காரனை எடு” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தது. மற்ற குரலுக்கெல்லாம் சிரிப்பதைவிட இதற்கு மட்டும் ஏன் இரட்டைச் சிரிப்பு என்று ஒரு நாளாவது யோசித்தாளா. நம்ம திறமை என்று நினைத்தாள். கழுதை.

இருபத்தொன்று எழுந்து நின்று எதையோ சொல்லி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வரவில்லை. வரவில்லையா. அப்படியென்றால் கணக்கில் மூன்று நிமிஷம் போயிற்று, தூக்கணாங்குருவி தின்றது வேறு. காய்ச்சலாம். இன்றைக்கா காய்ச்சல் வர வேண்டும் அவளுக்கு. காலையில் ஏழே கால் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிரசென்ஸ் அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அப்பாவின் கூடப்பிறந்தவள், ஏலக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தால் எதிர்க்கரைக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட அத்தை பக்கத்தில் வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கோயிலில் பேசுகிற மாதிரி பேசினாள். “வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மேடையிலயும் ஆலாக்காரனை எடுக்கப் போறியாமே?” “ஆமாத்தே, கடைசி ஐட்டம் அதான்.” “உங்கப்பன் வாராம்லா?” “ரெண்டாவது வரிசை. சட்டைகூடத் தேச்சு வச்சிட்டாரு.” அத்தை முகம் கோணிற்று. “நானும் இத்தன வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவனே சொல்லட்டும்னு. அவன் சொல்லமாட்டான், கல்லு. ஏட்டி, அந்த ஆலாக்காரன் யாருன்னு நெனச்ச? உங்கப்பன்டீ. நீ பொறந்து ரெண்டு மாசம். விடியக்காலம், கச்சான் அடிக்கிற நேரம், வெள்ளை வெள்ளையா அலையில எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்துருக்கு. எவனோ பெட்டிய ஒடச்சுக் கடல்ல போட்டது. இவன் கத்திட்டான். எட்டு வள்ளமும் திரும்பி, எட்டு வலையும் விழுந்துட்டு. ஆலா என்னைக்குல தண்ணில உக்காந்துச்சுன்னு கேட்டுக் கேட்டே கொன்னுட்டானுவ. அன்னைக்கு வள்ளத்துலேருந்து எறங்குனவந்தான், பெறகு ஏறல.”

எட்டுப் பேரில் இன்னும் மூன்று. ஃபேன் கிர்ரீ என்கிறது, ஆலா மாதிரி. அப்பா ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர் என்பதே அவளுக்குத் தெரியாது. அப்பா என்றால் ஐஸ் கம்பெனி. அப்பா என்றால் ரப்பர் பூட்ஸ், கொக்கி, கை எப்போதும் சில்லென்று இருக்கும். ஊரில் அவள் எடுக்காத குரல் கிடையாது. பங்குச் சாமியார், அவர் நாய், சாரின் மோட்டார் சைக்கிள், காற்றழுத்தம் பற்றி எச்சரிக்கிற ஒலிபெருக்கி, எல்லாம் வரும். லெயோன் என்கிற அவள் அப்பா குரல் மட்டும் வராது. பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, காதில்லாத சட்டி. ‘ம்.’ ‘சாப்டியா.’ ‘பஸ் வந்துட்டு.’ ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அவர் பேசுவது. அதையும் மணல்மேல் நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் பேசுவார். எத்தனையோ தடவை கண்ணாடி முன்னால் நின்று முயன்றிருக்கிறாள், ‘சாப்டியா’, ‘சாப்டியா’. அவள் குரலும் வராமல் அவர் குரலும் வராமல் ஏதோ மூன்றாவது ஆள் பசியோடு வந்து நிற்பான். அப்பாவை எடுக்க முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தொழில் குறை. அதுவும் பொய். ஒன்பது வயசிலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்தது வேறு யார் குரலாம்? அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை, அதனால் தெரியவில்லை. அவர் எதற்குக் கத்தவில்லை என்றால், சரி, போதும். போதும் என்றாலும் மனசு போய் அங்கேயே முட்டுகிறது. பதினோரு வயசில் கோயில் திருவிழா மேடையில் அதைச் செய்துவிட்டு இறங்கினாள். அப்பா கூட்டத்தின் பின்னால் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், கை தட்டினார், அவள் கண்ணால் பார்த்தாள். மறுநாள் டவுனிலிருந்து ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி வந்து கையில் வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அந்த லா இருக்குல்லா, அது இன்னும் நீளணும்ட்டி. நீண்டு கடைசில ஒடையணும்” என்றார். ஒரு நாளைக்குச் சொல்கிற மூன்று வார்த்தையைத் தாண்டி அவ்வளவு பேசியதே அதிசயமாக இருந்தது. அதற்கப்புறம் லாவை நீட்டினாள். கடைசியில் உடைத்தாள். நம்பவே முடியாதபடி எடுபட்டது. மக்ரூன் தித்திப்பு இப்போது நாக்கில் ஏறி வருகிறது, துப்ப இடமில்லை.

“இருபத்து மூணு.” ஓடிப்போய்க் கேட்டாளே, அத்தை சொன்ன கையோடு, பஸ் வருவதற்குள். கேட்காமல் இருந்திருந்தால் இந்த முள்ளாவது இருந்திருக்காது. ஐஸ் கம்பெனிக்குள் ஈரமும் அம்மோனியா வாடையும். அப்பா ஒரு முழு ஐஸ் கட்டியைக் கொக்கியால் இழுத்து, அரைக்கிற மெஷின் வாய்க்கு நேராகத் தள்ளிக்கொண்டிருந்தார். “யப்பா.” “ம்.” “ஆலாக்காரன்...” அதற்கு மேல் எந்தக் குரலில் கேட்பது என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. இடது கன்னம் மட்டும் தெரிந்தது. கட்டியை இன்னும் ஒரு சாண் தள்ளினார். “கிரசென்ஸ் சொல்லிட்டாளா?” என்றார். பிறகு, “எட்டு வள்ளமும் திரும்பிச்சு. எல்லாம் தெர்மாகோல்தான்” என்றார். பிறகு, மக்ரூன் நாளைத் தவிர அவள் ஆயுசுக்கும் அவர் அப்படித் தானாகப் பேசிக் கேட்டதில்லை, “ஆனா அதுல ஒண்ணு” என்றார். அப்போதுதான் அந்தப் பக்கம் நின்ற ஆள் சுவிட்சைப் போட்டான். மெஷின் கட்டியை வாங்கிக் கரகரவென்று மென்றது. அப்பாவின் தாடை அசைந்தது, இரண்டு அசைவு, மூன்று அசைவு, கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் முடித்துவிட்டார். முடித்துவிட்டு, கொக்கியால் வாசலைக் காட்டினார். பஸ் ஹாரன் அடித்தது. பஸ் வந்துட்டு. அவளும் ஓடினாள். ஏன் ஓடினாள். அடுத்த பஸ்ஸில் வந்தால் தலையா போய்விடும். சுவிட்சை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, மானேஜர் குரலில் ஒரு அதட்டல் போட்டிருந்தால் அந்த ஆளே நிறுத்தியிருப்பான். வேண்டாத இடத்தில் எல்லாம் வருகிற குரல் வேண்டிய இடத்தில் வந்ததா.

“இருபத்து நாலு.” அதுல ஒண்ணு. அதுல ஒண்ணு என்ன? நாற்பது நிமிஷப் பஸ் பயணம் முழுக்க இதைத்தான் அரைத்தாள், மெஷினைவிட நன்றாக. ஒருவேளை ஒண்ணு இல்லை, ஒண்ணும். ஆனா அதுல ஒண்ணுமில்லட்டி, விடு. அப்படித்தான் சொல்லியிருப்பார், அப்பா அப்படிப்பட்டவர், எதையும் ஒண்ணுமில்ல என்பார், கையில் கொக்கி இறங்கியபோதும் ஒண்ணுமில்ல என்றார். அப்படியென்றால் மன்னித்துவிட்டார். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ரெண்டாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து கை தட்டப் போகிறார். அதைப் பார்த்துக்கொண்டே அவள் லாவை நீட்டி உடைக்க வேண்டும், அதைவிடச் சாகலாம். இல்லை, ஒண்ணுதான் என்றால்? அதுல ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. அதுல ஒண்ணு மட்டும் செய்யாத. அதுல ஒண்ணு, உனக்கு இது முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சுதான் கத்துனியா. இதுதான் பயம். தெரிந்தே ஏழு வருஷமாகத் தன்னைக் கத்திக் காட்டினாள் என்று அவர் நினைத்திருந்தால்? ஒண்ணு என்றால் வாய் திறந்தபடி நிற்கும், ஒண்ணும் என்றால் உதடு ஒட்டி மூடும். மூடியதா, மூடவில்லையா. ஊரில் இருக்கிற வாயெல்லாம் எப்படி அசைகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவள் பெற்ற அப்பன் உதட்டைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டே தாடையை அசைத்துப் பார்த்தாள். அதுல ஒண்ணு, கன்னம் உள்ளே, வெளியே. என்ன சொன்னால் கன்னம் அப்படிப் போகும்? ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தாள், மன்னிப்பு, வெக்கம், பாவம், எதுவும் அந்த அசைவில் உட்காரவில்லை. “ஏட்டி, என்ன மெல்லுத?” என்றாள் இசக்கி. “எனக்கும் ஒண்ணு குடு.” எனக்கும் ஒண்ணு. போடீ.

“இருபத்தஞ்சு.” இசக்கியே எழுந்தாள். நாரை என்றாள், நாரம் என்றால் நீர் சார், அதிலிருந்து நாரை சார், என்று யாரோ எழுதிக் கொடுத்ததை எடுத்து விட்டாள், சார் உருகிப்போய் இன்னும் சொல்லும்மா என்றார். சொல்லு இசக்கி, சொல்லிக்கொண்டே இரு, மணி அடிக்கும் வரை நாரையைப் பறக்க விடு. ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது நாரை. நடுவில் இரண்டு பேர் இழுத்த இழுப்பில் மணி பன்னிரண்டு பதினாறு. நாலு நிமிஷம். “இருபத்தாறு” என்றார் சார். வகுப்பு அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. இத்தனை கொக்கும் குருவியும் கேட்டு நொந்தவர்கள், பின்பெஞ்சிலிருந்து மேஜையைத் தட்டி “ஆ...லா! ஆ...லா!” என்று ஆரம்பித்தார்கள். “ஏ ரோமி, அந்தக் கத்து கத்திட்டுப் பேசு!” “எட்டு வள்ளமும் திரும்புங்கல!” எல்லோருக்கும் வருகிறது, அவள்தான் கற்றுக் கொடுத்தாள். “சைலன்ஸ்” என்றார் சார். “நீ ஆரம்பிம்மா. ஞாபகம் இருக்குல்ல? உன் குரல்.” ரோமில்டா வாயைத் திறந்தாள். “ஆ...லம் என்றால் மக...ளே” என்று பங்குச் சாமியார் வந்தார். சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள், “என்ன சொல்ல வர்றேன்னா” என்று சாரே வந்துவிட்டார். கூரை பெயர்கிற சிரிப்பு. சார் முகம் சிவந்து, “இன்னொரு தடவைதான்” என்றார். அவள் வேண்டுமென்றா செய்கிறாள்? எல்லாரும் கதவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள், திறந்தால் ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார்கள், அவளை மட்டும் காணோம். அழுகை வந்தது. அதுகூட யாரோ அழுகிற மாதிரி இருந்தது. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வகுப்புக்கு இடது கன்னம் மட்டும் தெரியும்படி. திரும்பியதும் தாடை தானாக இறங்கியது. கொக்கி பிடித்தது போல வலது தோள் கொஞ்சம் சரிந்தது. மூச்சு தொண்டையில் நிற்காமல் அதற்கும் கீழே எங்கேயோ போய் நின்றது, அங்கே ஈரமாக, சில்லென்று இருந்தது. “எங்க ஊர்ல ஆலான்னா” என்றாள், மணல்மேல் நடக்கிற சத்தத்தில். சரியாகக் கேட்காமல் பின்பெஞ்சு முன்னால் சாய்ந்தது. “ஆலான்னா அங்க மீன் இருக்குன்னு பொருள். கடல்ல ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்ற வார்த்தை. காத்துல தூரமாப் போகணும்னு வாய மூடாமச் சொல்றது. பறவைக்கு அந்தப் பேரு பெறகுதான் வந்திருக்கும். ஆலா தண்ணில உக்காராது. வெள்ளையா மெதந்தா அது ஆலா இல்லன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும்.” எங்கப்பாவா என்று யாரோ கிசுகிசுத்தார்கள். “எங்கப்பாதான் ஆலாக்காரன். எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். எட்டு வள்ளமும் திரும்பிச்சு. எல்லாம் தெர்மாகோல்தான். ஆனா அதுல ஒண்ணு” என்றாள். இங்கே மெஷின் இல்லை. ஃபேன்தான் சுற்றியது. உதடு ஒட்டவில்லை, தாடை அது போக வேண்டிய இடத்துக்கு அதுவாகப் போயிற்று, கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. “அதுல ஒண்ணு நெசம்ட்டி. பறந்து அலுத்துப்போயி தெர்மாகோல் மேல உக்காந்துருந்துச்சு. கருப்புத் தலை. என்னப் பாத்துச்சு.”

மணி அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பொன்னுலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பாத்தியாம்மா” என்றார், “இதுதான். இத்தனை நாள் எங்க வச்சிருந்த? இதுதாம்மா உன் குரல்.” இல்லை சார் என்பது ரோமில்டாவின் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. பதிவேட்டை மூடப்போனவர் நினைவு வந்து, “வெள்ளிக்கிழமை பட்டியல்ல அந்த ஆலாக்காரன் இருக்கா, எடுத்துடவா?” என்று கேட்டார். “இருக்கட்டும் சார்” என்றாள், “அதுல கடைசியா இன்னும் ஒரு வரி உண்டு.” வாசலில் இசக்கி சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றாள். “ஏட்டி, அது யாரு குரல்? எனக்குத் தெரியாம எங்கேருந்துட்டி புடிச்ச?” என்றாள். ரோமில்டா பையைத் தோளில் மாட்டினாள். இன்னும் தாடை பழைய இடத்துக்கு ஏறவில்லை. அதை ஏற்றவும் மனசில்லை. இசக்கியின் முகத்தைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “சாப்டியா” என்றாள்.

வந்தது.